அரக்கன் எலும்பும் ரப்பர் தோலும்

திருவக்கரையில் அரக்கனுடைய எலும்பு வெட்டவெளியில் கிடக்கிறது. வேலி போட்டு அதைக் காவல் காப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அவர்கள் சொல்லும் கதை வேறு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்துவந்து மணலில் புதைத்துப் போட்ட மரங்களாம் அவை. மரத்தின் சத்து கரைந்துபோன இடத்தில் மணலின் சத்து ஏறி, வளையம் வளையமாக அப்படியே கல்லாகிவிட்டது. வேரும் இல்லை, கிளையும் இல்லை, அடிமரம் மட்டும் கிடப்பதால் இவை இங்கே முளைத்தவை அல்ல என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பார்த்து எழுதிவைத்தார். 30 மீட்டர் நீளத்துக்குக்கூட ஒரு கட்டை உண்டு.

சனத்துக்கு இது போதவில்லை. உருண்டு, நீண்டு, வெளுத்து, இரண்டாக முறிந்து கிடக்கிற ஒன்றைப் பார்த்தால் தொடை எலும்பு என்றுதான் தோன்றும். யாருடைய தொடை என்பது மட்டும்தான் பாக்கி. அதற்குப் பதில் அதே ஊர்க் கோயிலில் இருக்கிறது. சந்திரமௌலீஸ்வரர் கோயிலின் வக்கிரகாளியைப் பார்க்கப் பௌர்ணமிதோறும் கூட்டம் வருகிறதே, அந்தத் தலத்துக் கதையில் வருகிற வக்கிராசுரன்தான் ஆள். தொண்டைக்குள் லிங்கத்தை வைத்துப் பூஜித்தவன் அவன். இதுதான் அந்தக் கண்டலிங்கம் என்று கோயிலில் இன்றும் ஒன்றைக் காட்டுகிறார்கள். சிவபக்தன் ஆகையால் சிவனே அவனைக் கொல்ல முடியாது. பெருமாள் சக்கரத்தை விட்டுக் கொன்றார். அவன் தங்கை துன்முகியைக் கொல்ல வந்தவள் காளி. துன்முகி பிள்ளைத்தாச்சி. காளி வயிற்றிலிருந்த சிசுவை எடுத்துத் தன் காதில் குண்டலமாக மாட்டிக்கொண்டு, பிறகுதான் தாயைக் கொன்றாள்.

இந்தக் கதையில் யார் பயங்கரம் என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாகவே இருந்தது. தொண்டைக்குள் சாமியை வைத்திருந்தவனா, காதில் பிணத்தை மாட்டியிருப்பவளா?

நான் அனந்தபுரத்தில் டி.வி. ரிப்பேர் செய்கிறவன். ஜப்பான்காரர்கள் டி.வி.யில் காட்டிய அரக்கர்களைப் பற்றி எழுத உட்கார்ந்துதான் திருவக்கரைக்குப் போய்விட்டேன். வழி தவறிப் போகவில்லை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ‘ஜயண்ட் ரோபோட்’ என்று ஒரு தொடர் ஓடியது. டயனோரா, சாலிடேர் காலம். சென்னையிலிருந்து வருகிற அலையை இவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டுமானால் மாடிக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு, அலுமினிய ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்து, மேலே ஒருவன் திருப்ப, கீழே ஒருவன் “போதும் போதும், வந்துடுச்சு” என்று கத்த வேண்டும். மேலே நின்று திருப்புகிறவன் நான். அதனால் அந்தத் தொடரில் பாதியைத் தெருவிலிருந்த பிள்ளைகளின் கூச்சலாகத்தான் கேட்டேன். மீதிப் பாதியைப் பார்த்தபோது முதலில் தோன்றியது, இது நம் கூத்து ஆயிற்றே என்பதுதான். வாரம் ஓர் அரக்கன் வருகிறான். தன் பெருமையைக் காட்டுகிறான். ஊரை உடைக்கிறான். கடைசியில் சாகிறான். அவனை அனுப்புகிறவன் கடலுக்கடியில் இருக்கிற ராஜா கில்லட்டின். ஒருநாள் வெறும் ஒரு கண் மட்டும் உடலாகி நடந்து வந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்ததைவிட, கூடப் பார்த்த கிழவிகள்தான் அதிகம் பயந்தார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டுத்தான் சோறு தின்றார்கள்.

அந்தத் தொடர் 1967-இல் ஜப்பானில் தோயி கம்பெனி எடுத்தது என்பதெல்லாம் ரொம்பப் பிந்தித் தெரிந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1966 ஜூலை 17-இல், அங்கே அல்ட்ராமேன் என்ற தொடர் தொடங்கிவிட்டது. அந்தத் தொடரின் அரக்கர்களை வரைந்தவர் நரிதா தோரு என்ற சிற்பி. அந்த வரைபடத்தை வைத்து ரப்பரும் பஞ்சும் கொண்டு தோல் செய்தவர் தகயாமா ரியோசாகு. நரிதா தனக்கென்று மூன்று கட்டுப்பாடு வைத்திருந்தார். இருக்கிற மிருகத்தை அப்படியே பெரிதாக்கக் கூடாது. தலையை, கையை, காலை எண்ணிக்கையில் கூட்டிப் பயமுறுத்தக் கூடாது. உடம்பு பிய்ந்து, சீழ் ஒழுகி, அருவருக்கும்படி எதையும் செய்யக் கூடாது. பார்க்கிறவர்கள் பிள்ளைகள் என்பது அவர் நினைப்பு.

இந்தச் சட்டத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். இதன்படி பார்த்தால் ராவணன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வாணாசுரனுக்கு ஆயிரம் கை, அவனும் வெளியே. எங்கள் செஞ்சிச் சீமையின் மூத்த அரக்கனுக்கு நூறு தலை. அவன் ஊருக்குள்ளேயே வர முடியாது.

அவன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்பார்கள். துரௌபதை அம்மன் கோயில்களுக்கெல்லாம் தாய்க் கோயில் இதுதான் என்று எங்கள் பக்கம் ஒரே பேச்சு. அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப் ஹில்டபீட்டல் இந்தப் பேச்சைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகப் போய்க் கேட்டு, 1988-இல் வெளிவந்த தன் பெரிய புத்தகத்தில் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரைக்கும் ஒரு கோடு போட்டார். கதை இதுதான். பாரதப் போர் முடிந்து எத்தனையோ காலம் கழித்து, பாண்டவர் வழிவந்த ஒரு ராஜா செஞ்சியை ஆண்டபோது நூறு தலை அசுரன் ஒருவன் கோட்டையைத் தொல்லை செய்தான். ராஜா வேண்ட, துரௌபதை தீயிலிருந்து மறுபடியும் வந்தாள். தொண்ணூற்றொன்பது தலையை வெட்டிச் சாய்ப்பது பெரிய காரியமில்லை. நூறாவது தலை மண்ணில் விழக் கூடாது. விழுந்தால் எல்லாம் கெட்டது. அந்தத் தலையை ஏந்திக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். போர்மன்னன் ஏந்திக்கொண்டான். போத்துராஜா என்றும் அவனைச் சொல்வார்கள். துரௌபதை அம்மன் கோயில்களில் அம்மனுக்கு எதிரே மீசையும் கத்தியுமாகக் கையில் ஒரு தலையோடு நிற்கிறானே, அவன்தான். அம்மன் வேலை முடிந்து உட்கார்ந்துவிட்டாள். இவன் இன்னும் கையை இறக்கவில்லை.

நரிதா இதைக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நூறு தலையில் பயம் இல்லை. அது வெறும் எண்ணிக்கை. கடைசித் தலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறதே, அங்கேதான் அடிவயிறு கலங்குகிறது.

எங்கள் பக்கத்துக் கதைகளில் அரக்கனை அரக்கனாக்குவது பல்லும் கொம்பும் இல்லை. வரம்தான். தவம் செய்து வாங்கியது, நியாயமாகக் கிடைத்தது. தவம் செய்தால் வரம் கிடைக்கும் என்பது சட்டம். யார் செய்தாலும் கிடைக்கும். இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் சாகக் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் சாகக் கூடாது என்று வக்கீல் போல எழுதி வாங்கிக்கொண்டான். மகிஷன் பெண்ணை ஒரு பொருட்டாக நினைக்காமல் பட்டியலில் விட்டுவிட்டான். ஒவ்வொருவனும் ஏதோ ஓர் இடுக்கை அடைக்க மறந்துபோகிறான். சாவு அந்த இடுக்கு வழியாக வருகிறது. ஜப்பானில் இதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அங்கே வரையறை நாயகனுக்கு. அல்ட்ராமேன் பூமியில் அந்த உருவத்தோடு மூன்று நிமிஷம்தான் நிற்க முடியும். நேரம் தீரத் தீர நெஞ்சிலிருக்கும் விளக்கு சிவப்பாகி மின்னும். அரக்கனுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. சண்டைக் காட்சியைச் சுருக்கினால் செலவும் சுருங்கும் என்பதும் அதில் இருந்திருக்கும். நானும் தொழிலாளி, எனக்கு அது புரியும்.

மகிஷன் என்றதும் பனமலை ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்ப் பக்கம்தான். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் பாதி அழிந்த பார்வதி ஓவியத்தைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். குன்றின் கீழே மகிஷாசுரமர்த்தினி குகை ஒன்று இருப்பதைப் பெரும்பாலும் பார்க்காமலே போகிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குடைவரையில் கொற்றவை எருமைத் தலைமேல் கால் வைத்து நிற்கிறாள். அங்கே அரக்கன் வெறும் தலைதான், மணைக்கட்டை மாதிரி. அதே பல்லவச் சிற்பிகள் மாமல்லபுரம் குகையில் அவனைச் செதுக்கியிருப்பதைப் பாருங்கள். எருமைத் தலை, ராஜாவின் உடம்பு, மேலே குடை, கையில் கதை. பின்வாங்குகிறான், ஆனால் ஓடவில்லை. தோற்கப் போகிறவனுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்துச் செதுக்கியவன் யாரோ, அவனைக் கூத்து வாத்தியார் என்றே நான் சொல்வேன்.

ஏனென்றால் கூத்தில் அப்படித்தான். எங்கள் பக்கம் துரௌபதை அம்மன் கோயில் பாரத விழா நடக்கும்போது பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி விடிய விடியக் கூத்து. கட்டை வேஷம் என்பது கல்யாண முருங்கை மரத்தைக் குடைந்து, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்த கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை. அந்த மரம் எடை இல்லாதது. அதனால்தான் அதை மாட்டிக்கொண்டு மனிதன் கிறுகிறுவென்று சுற்றிக் கிறிக்கி போட முடிகிறது. இந்தக் கட்டை ராஜாவுக்கும் உண்டு, அரக்கனுக்கும் உண்டு. முந்தின ராத்திரி கர்ணன் கட்டிய அதே கிரீடம் மறுநாள் பகாசூரன் தலையில் உட்காரும். எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியாரைக் கேட்டேன், அப்புறம் எதில்தான் வித்தியாசம் என்று. “மொகத்துல கொஞ்சம் கருப்பு ஏறும், வெள்ளப் புள்ளி ஏறும், கோரப்பல்லு வரும். மத்தபடி காலுதான் தம்பி. ராஜா மண்ண மிதிப்பான். அரக்கன் மண்ண ஒதைப்பான்” என்றார். மிருதங்கக்காரர் பக்கத்திலிருந்து, “அதுக்கு அடி வேற” என்று சேர்த்துக்கொண்டார்.

அல்ட்ராமேன் எடுத்தவர்களும் இப்படித்தான் பிழைத்தார்கள். பத்தாவது பாகத்தில் வருகிற ஜிராஸ் என்ற பிராணி, காட்ஸில்லா படத்து ரப்பர் தோலுக்குக் கழுத்தில் ஒரு விசிறி மடிப்பு ஒட்டியதுதான். சண்டையில் அல்ட்ராமேன் அந்த மடிப்பைப் பிய்த்து எறிவான். எறிந்ததும் அடியில் காட்ஸில்லா தெரிவான். பால்டன் என்ற இடுக்கிக்கை ஆளும் முந்திய தொடரில் வந்த சிள்வண்டு மனிதனிலிருந்து உருவானவன். ஒரு தோலை ஒருமுறைக்கு மட்டும் செய்ய யாருக்குக் கட்டும்?

கூத்தில் அரக்கன் வருகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற வேஷங்களுக்கு இரண்டு பேர் தெரை பிடிப்பார்கள். பின்னால் நின்று பாடி, காலை மட்டும் காட்டி, கிரீடத்தின் நுனியைக் காட்டி, ஆள் மெதுவாக வெளிப்படுவான். அரக்கனுக்கும் தெரை உண்டு, ஆனால் சில ஜமாவில் அவன் தெரைக்கு அடங்க மாட்டான். சனத்துக்குப் பின்னால், இருட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல் வரும். பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசுவார்கள். குபீரென்று தீ எழும்பி அடங்கும். அந்த ஒரு விநாடியில் மட்டும் முகம் தெரியும். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அலறும். எல்லாம் முடிந்து அவன் களரிக்கு வந்ததும் கோமாளியான கட்டியங்காரன் போய், “யாருய்யா நீ, வாடக கேக்க வந்தவன் மாதிரி கத்துற?” என்று கேட்பான். சனம் சிரிக்கும். அரக்கன் தன் பெயர், குலம், வரம், வீரம் எல்லாவற்றையும் பாட்டாகச் சொல்வான். பயத்தையும் சிரிப்பையும் இவ்வளவு பக்கத்தில் வைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரப்பர் தோலுக்கு வாய் இல்லை. உறுமும், அவ்வளவுதான். தன் கதையைத் தானே சொல்ல முடியாத அரக்கனிடம் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு.

பகாசூரன் வதம் பகலில் நடக்கும். பீமன் வண்டி ஏறித் தெருத் தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறு, வடை, பழம் என்று வண்டியில் கொட்டுவார்கள். கதைப்படி அது அரக்கனுக்குப் போகிற சாப்பாடு. ஆனால் வழியெல்லாம் தின்றுகொண்டு வருகிறவன் பீமன். அரக்கன் பசியோடு காத்திருக்கிறான். ஊரையே தின்னும் வயிறு ஒன்று, அந்த வயிற்றின் சாப்பாட்டையே தின்றுவிடும் இன்னொரு வயிறு. பிள்ளையாக இருந்தபோது இந்த இடத்தில் நான் பகாசூரன் பக்கம்தான். வாக்குக் கொடுத்த சாப்பாட்டை நடுவழியில் ஒருத்தன் தின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மேல்மலையனூரிலும் வயிற்றுக் கதைதான். சிவன் பிரம்மனுடைய ஐந்தாவது தலையைக் கிள்ளியதும் அந்தக் கபாலம் கையை விட்டு இறங்கவில்லை. பிச்சை எடுத்த சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிட்டது. அங்காளம்மன் சோற்றை மயானத்தில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் பொறுக்கித் தின்னக் கையை விட்டு இறங்கியது. அம்மன் காலால் மிதித்துவிட்டாள். மாசி மாதம், சிவராத்திரி கழிந்து அமாவாசையில் மயானக் கொள்ளை என்று அதைத்தான் நடத்துகிறார்கள். அன்றைக்குக் காளி வேஷம் கட்டி நாக்கை நீட்டி வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு ஜப்பான்காரன் அரக்கன் பொம்மைதான்.

இங்கே திருவக்கரைக் குழப்பம் மறுபடி வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் மிகவும் பயங்கரமான உருவம் எப்போதும் சாமியுடையது. இரணிய நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரணியன் யார்? நல்ல பட்டு, கட்டை, மீசை, தமிழ் பேசுகிற ராஜா. மகனுக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்க ஆள் வைக்கிற தகப்பன். பாதி மிருகம், பாதி மனிதன் என்று தூணிலிருந்து வருவது நரசிம்மம். அந்த வேஷம் கட்டுகிறவர் விரதம் இருப்பார். முகமூடிக்குப் பூஜை உண்டு; தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளாவிலும் நரசிம்ம முகத்தைச் சாமியாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். வேஷக்காரருக்கு ஆவேசம் வந்தால் இரணியனாக நிற்கிறவரின் உயிருக்கே ஆபத்து என்று நாலு பேர் இடுப்பில் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்பார்கள். எனக்குத் தெரிய, நடிகனுக்குள் இருக்கும் சாமியை மனிதர்கள் பிடித்து நிறுத்தி அரக்கனைக் காப்பாற்றுகிற இடம் இது ஒன்றுதான்.

1971 ஏப்ரல் 3-இல் ஜப்பானில் வெளிவந்த கமென் ரைடர் தொடர் இந்த இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. கதையை உருவாக்கியவர் படக்கதைக்காரர் இஷினோமோரி ஷோதாரோ. ஹோங்கோ தகேஷி என்ற கல்லூரி மாணவனை ஷாக்கர் என்ற ரகசியக் கூட்டம் கடத்திக்கொண்டு போய், மேஜையில் கட்டிப்போட்டு, வெட்டுக்கிளியின் சக்தியை உடம்பில் ஏற்றுகிறது. சிலந்தி மனிதனையும் வௌவால் மனிதனையும் செய்தவர்களும் அவர்கள்தான். மூளை ஆபரேஷன் மட்டும் பாக்கி இருக்கும்போது அவன் தப்பித்துவிடுகிறான். அந்த ஓர் ஆபரேஷன் நடக்காததால் அவன் நாயகன். நடந்ததால் மற்றவர்கள் அரக்கர்கள். உடம்பு எல்லோருக்கும் ஒரே பட்டறையில் செய்தது. கல்யாண முருங்கைக் கட்டை ஒன்றுதான் என்று வாத்தியார் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அல்ட்ராமேன் 23-ஆம் பாகத்தில் வருகிற ஜமிலா இன்னும் ஒரு படி மேலே. அவன் ஒரு விண்வெளி வீரன். தண்ணீரே இல்லாத கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டான். அனுப்பிய நாடு உலகத்தின் வாய்க்குப் பயந்து விஷயத்தை மூடி மறைத்தது. காலப்போக்கில் அவன் உடம்பு வெடித்த களிமண் மாதிரி ஆகி, அரக்கனாகத் திரும்பி வந்து உலக நாடுகள் கூடும் மாநாட்டைத் தாக்குகிறான். நெருப்பு அவனை ஒன்றும் செய்யாது. தண்ணீருக்காக ஏங்கிச் செத்துப் பிழைத்தவனைத் தண்ணீரை அடித்தே கொல்கிறார்கள். சேற்றில் புரண்டு குழந்தை மாதிரி அழுதுகொண்டே அடங்குகிறான். ஜப்பான் பிள்ளைகள் சட்டைக் கழுத்தைத் தலைக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டு ஜமிலா விளையாட்டு விளையாடினார்களாம். அவனுக்குக் கழுத்து கிடையாது, அதனால். எனக்கு இந்தக் கதையைக் கேட்டதும் படுகளம் ஞாபகம் வந்தது.

பாரத விழாவின் கடைசிப் பகலில் படுகளம். கோயில் மைதானத்தில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஐம்பது முழம், அறுபது முழம் என்று ஊருக்கு ஊர் போட்டி. பிதுங்கிய கண், பல் வரிசை, கொடுவாள் மீசை, மார்பில் வண்ணம். ராத்திரி முழுக்கப் பட்டு உடுத்திப் பாடின அதே துரியோதனன் மண்ணில் வந்ததும் அரக்கனாகிவிடுகிறான். பீமன் வேஷக்காரர் அந்த மண்ணுடம்பின்மேல் ஏறி ஓடிச் சண்டை போட்டு, கடைசியில் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிடும். அதைத் தொட்டுத்தான் துரௌபதை கூந்தல் முடிப்பாள். சனம் குலவையிடும். அது அடங்குவதற்குள் துரியோதனன் பெண்சாதி பெருந்திருவாள் மாரில் அடித்துக்கொண்டு வந்துவிடுவாள். அவ்வளவு நேரம் “குத்து, குத்து” என்று கத்திக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் அவளோடு சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். என் அம்மா ஒவ்வொரு வருஷமும் அழுவாள். “அவன் என்னம்மா உனக்கு உறவா?” என்று கேட்டால், “ராத்திரியெல்லாம் பாடினானேடா” என்பாள். சாயங்காலம் தீமிதி. அதற்குள் அந்த உடம்பிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போய் நெல் குதிருக்குள் போட்டுவிடுவார்கள். குதிர் நிறையும் என்று நம்பிக்கை.

அரக்கனை வீணாக்காத வழக்கம் இந்த வட்டாரம் பூராவும் இருக்கிறது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலம். பொம்மபுர ஆதீனத்துக் கோயில். குன்றே மயில் மாதிரி இருப்பதாகச் சொல்வார்கள். தலபுராணப்படி அந்தக் குன்று வேறு யாரும் இல்லை, சூரபத்மன். முருகனோடு சண்டை போட்டுத் தோற்றவன், உனக்கு வாகனமாக வேண்டும் என்று கேட்டு, மயில் உருவ மலையாகி இங்கே தவம் கிடந்தான். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து ஏறுகிற ஆயிரக்கணக்கான பேரும் ஏறுவது ஒரு சூரன் முதுகில்தான். ஐப்பசி சஷ்டியில் ஊர் ஊராகச் சூரசம்ஹாரம் நடக்கும். ஒரே பொம்மை உடம்புக்கு யானைத் தலை, சிங்கத் தலை, சூரன் தலை என்று மாற்றி மாற்றிச் செருகுவார்கள். பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்து, “செத்து செத்துப் பெரிசா வர்றான்” என்று தெளிவாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தத் தொடரும் ஜப்பானில் சென்டாய் என்று வந்த தொடர்களின் சண்டைக் காட்சிகளை வாங்கி 1993-இல் அமெரிக்காவில் ஒட்டுப்போட்டு எடுத்ததுதான்.

ஜப்பான்காரனும் தன் அரக்கனை வீணாக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரையில் வெடித்துச் சிதறுகிறவன் மறுநாள் கடையில் மெத்தென்ற வினைல் பொம்மையாகத் தொங்குவான். நாயகன் பொம்மை ஒன்று போதும். அரக்கன் வாரம் ஒருத்தன் புதிதாக வருவதால் பொம்மையும் வாரம் ஒன்று விற்கும். குதிர் நிறைகிற வழி அங்கே அது.

ஜயண்ட் ரோபோட் கடைசிப் பாகத்தில், ரோபோட்டுக்குக் கட்டளையிடும் பையன் வேண்டாம் என்று கத்தக் கத்த, ரோபோட் முதல்முறையாக அவன் சொல்லைக் கேட்காமல் கில்லட்டினைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போய் இரண்டுபேருமாக வெடித்துப் போனார்கள். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ரோபோட்டுக்காக அழுதன. கில்லட்டினுக்கு அழ ஒரு பெருந்திருவாள் அங்கே இல்லை. அதை ஒரு குறையாகவே சொல்கிறேன்.

இப்போது என்னிடம் டி.வி. அதிகம் வருவதில்லை. வருவது கூத்துக்காரர்கள். பக்கத்து ஊர் ஜமாவில் இந்த ஆடிக்குப் பகாசூரன் கட்டப் போகிற பையன் போனில் அல்ட்ராமேன் பார்க்கிறவன். கண்ணைச் சுற்றிச் சிவப்பு எல்.இ.டி. வைத்துக் கொடு என்று போன வாரம் வந்து நின்றான். ரப்பர் அரக்கர்களுக்குக் கண்ணில் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறான். நான் ஒயர் அளந்துகொண்டிருக்கும்போதே வாத்தியார் வந்துவிட்டார். “கண்ணுல பல்பு வெச்சா கண்ண எங்கடா உருட்டுவ? அரக்கனுக்கு சம்பளமே கண்ணுக்குத்தான்” என்றார். அரை மணி நேரம் வாய்ச்சண்டை. கடைசியில் புஜக்கட்டையில் கண்ணாடித் துண்டு உதிர்ந்துபோன இடங்களில் மட்டும் வைக்கலாம் என்று முடிவானது. கல்யாண முருங்கையில் ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும். பசை போட்டு ஒட்டி, 9 வோல்ட் பேட்டரியை முதுகுப் பக்கம் மறைத்தேன். வாத்தியார் போகும்போது இன்னொரு நிபந்தனை போட்டார்: பீமன் பாடும்போது விளக்கு அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சனம் பீமனைப் பார்க்காது. அதற்காக இடுப்புக் கச்சைக்குள் கை எட்டுகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பையன் அதை அணைப்பான் என்று வாத்தியாருக்கும் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. கூலி பாதிதான் கொடுத்திருக்கிறான். மீதி கூத்து முடிந்து.